சிங்கி இறாலும் வேராக் பேங்க் வாசலும்

ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேம் ஆடி வளர்ந்த யாரைக் கேட்டாலும் "அந்தக் காலம் மாதிரி வராது" என்பார்கள். எது வராது என்று தோண்டிக் கேட்டால் பதில் குழம்பும். படம் அழகா? முகமே நாலு முக்கோணம்தான். சண்டை விறுவிறுப்பா? எதிரெதிரே நின்று ஆளுக்கொரு அடியாக மாறி மாறி அடித்துக்கொள்வதற்குப் பெயர்தான் சண்டை. கதையா? குவெஸ்ட் (கதையோடு வரும் பணி) வசனத்தில் பாதியைப் படிக்காமலே கிளிக் பண்ணித் தள்ளியவர்கள்தான் நம்மில் அதிகம்.

என் கணிப்பு வேறு. அந்த விளையாட்டில் எல்லாமே சிரமம். விற்க, வாங்க, நடக்க, மூட்டை தூக்க, எதற்கும் இன்னொருத்தர் தயவு வேண்டியிருந்தது. ஆள் பழக்கம் அப்படித்தான் வந்தது. அதை நடத்தும் ஜாகெக்ஸ் கம்பெனி அந்தச் சிரமங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டதும் பேச்சும் கூடவே போய்விட்டது. இதைப் புரிந்துகொண்டால் இன்றைக்குத் திரும்ப ஆடும்போது எதைச் செய்ய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதும் தெரியும். அதற்குத்தான் இந்தப் பதிவு.

ஆண்ட்ரூ கோவர் 2001 ஜனவரி 4-ம் தேதி இதை வெளியிட்டார். நம்மில் பலருக்குத் தெரிந்த வடிவம் 2004 மார்ச்சில் வந்த ரூன்ஸ்கேப் 2. வடசென்னைக்கு அது பொருந்தியதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணம்: இன்ஸ்டால் பண்ண வேண்டாம், கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், காசு வேண்டாம். பிரவுசரில் ஜாவா ஓடினால் போதும். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்துப் பிரவுசிங் சென்டர்களில் இருந்த 256 எம்பி ராம் மெஷின்களில் வேறு எந்த ஆன்லைன் ஃபேன்டஸி கேமும் மூச்சு விட்டிருக்காது. காசு கட்டி மெம்பர் ஆக அப்போது மாதம் 5 டாலர், அதுவும் கிரெடிட் கார்டில். +2 படிக்கிற பையனுக்கு அது நடக்கிற காரியமா? அதனால் எங்கள் பக்கத்து ரூன்ஸ்கேப் என்றால் முழுக்க முழுக்க ஃப்ரீ வேர்ல்டு (காசு கட்டாதவர்கள் ஆடும் சர்வர்), மேலே ஒரு விளம்பரப் பட்டையோடு. கீழே சொல்வதெல்லாம் அந்த ஃப்ரீ உலகத்தின் கணக்குதான்.

சென்டரில் ஆடும் முறை

முதலில் லோ டீட்டெய்ல், ஹை டீட்டெய்ல் என்று இரண்டு பட்டன் வரும். யோசிக்காமல் லோ டீட்டெய்ல். பாட்டு கிடையாது, தரையில் வேலைப்பாடு கிடையாது, ஆனால் ஓடும். ஹை டீட்டெய்ல் போட்டால் பக்கத்துச் சீட்டில் யாராவது பாட்டு டவுன்லோட் பண்ணும் நேரமாகப் பார்த்து திரை உறைந்துபோகும்.

அடுத்தது லோடிங். ஒருமுறை இறங்கிய கோப்புகளை விளையாட்டு சி டிரைவில் ஒரு கேஷ் ஃபோல்டரில் போட்டு வைக்கும்; மறுமுறை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆனால் பல சென்டர்களில் வைரஸ் பயத்தில் டீப் ஃபிரீஸ் என்ற சாஃப்ட்வேர் போட்டிருப்பார்கள். மெஷினை ரீஸ்டார்ட் பண்ணினால் போட்டதெல்லாம் துடைத்துவிடும். ஆகவே காலையில் முதல் ஆளாகப் போய் உட்காருகிறவர் காசு கொடுத்து லோடிங் பார்ப்பார். அவர் எழுந்த மெஷினில் உட்காருகிறவருக்கு இரண்டு நிமிடத்தில் ஆட்டம் தொடங்கும் ஊரான லம்பிரிட்ஜ் வந்துவிடும். எந்த சிஸ்டத்தில் கடைசியாக ரூன்ஸ்கேப் ஓடியது என்று ஓனர் அண்ணனிடம் விசாரித்து உட்காருவதில் அர்த்தம் இருந்தது.

நெட் மெதுவாக இருந்தும் ஆட முடிந்ததற்கு டிக் என்கிற ஏற்பாடு காரணம். சர்வர் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் கணக்குப் பார்க்கும். அந்த இடைவெளிக்குள் உங்கள் கிளிக் எப்போது போய்ச் சேர்ந்தாலும் ஒன்றுதான். சுடுகிற கேமில் கால் நொடி தாமதம் உயிரை எடுக்கும். இங்கே இங்கிலாந்தில் உட்கார்ந்திருப்பவனும் திருவொற்றியூரில் உட்கார்ந்திருப்பவனும் அநேகமாகச் சமம். லைன் ஒரேயடியாக அறுந்தால்தான் பிரச்சினை.

அறுந்தால் என்ன ஆகும் என்பதில்தான் சூட்சுமம். அடி வாங்கிக்கொண்டிருக்கும்போது லாக் அவுட் ஆக முடியாது; சண்டை முடிந்து 10 நொடி போக வேண்டும். கரண்டு போனாலோ, "தம்பி, டைம் முடிஞ்சிடுச்சி" என்று ஓனர் அங்கிருந்தே திரையை மூடினாலோ, உங்கள் ஆள் கொஞ்ச நேரம் அதே இடத்தில் நின்று அடி வாங்குவான். செத்தால் விலை அதிகமான மூன்று பொருள் மட்டும் கையில் நிற்கும், மற்றதெல்லாம் தரையில். அதனால் மணி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே, பொருளைப் பத்திரமாகப் போட்டுவைக்கும் பேங்க் பக்கம் வந்துவிடுவது வழக்கம். மவுஸைத் தொடாமல் ஐந்து நிமிடம் போனாலும் வெளியே தள்ளிவிடும். அது சண்டையில்லாத இடமாக இருந்தால் நல்லதுதான்.

கீ லாகர் (அடிக்கும் எழுத்தையெல்லாம் பதிவு செய்யும் திருட்டு சாஃப்ட்வேர்) இன்னொரு தொல்லை. பொது மெஷினில் பாஸ்வேர்டு அடித்தால் யாரோ பார்க்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு உருப்படியான ஒரே தடுப்பு பேங்க் பின். நாலு இலக்கம், மவுஸால் மட்டும் அழுத்த வேண்டும். ஒவ்வொரு இலக்கத்துக்குப் பிறகும் எண்கள் இடம் மாறும். கீ லாகர் வைத்தவன் உள்ளே வந்தாலும் மேலே போட்டிருக்கும் சட்டையைத்தான் உருவ முடியும், பெட்டியைத் திறக்க முடியாது. பின்னை அழிக்கச் சொல்லி அவன் மனு போட்டாலும், நீங்கள் முன்பே தேர்ந்தெடுத்தபடி மூன்று நாளோ ஏழு நாளோ காத்திருக்க வேண்டும். இதைப் போடாமல் அக்கவுண்டை அம்போ என்று விட்டவர்கள் எத்தனையோ பேர்.

கரம்ஜா கணக்கு

ஃப்ரீ ஆட்டக்காரர்களின் பொருளாதாரம் சிங்கி இறாலில் நின்றது. காசிமேடு பையன்களுக்கு சிங்கி இறாலின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் இங்கே அதற்கு மதிப்பு வந்த காரணம் வேறு: ஒன்று சாப்பிட்டால் 12 உயிர்ப் புள்ளி திரும்பும். சண்டைக்குப் போகிற எல்லாருக்கும் அது வேண்டும்.

ஃபிஷிங் 40 லெவல் வந்தால்தான் சிங்கி இறால் பிடிக்கலாம். 40-க்குப் போக 37,224 அனுபவப் புள்ளி. 20 வரைக்கும் சின்ன வலையில் இறால், நெத்திலி. அதன்பிறகு தூண்டிலும் இறகும் வாங்கிக்கொண்டு பார்பேரியன் வில்லேஜ் ஆற்றங்கரை. அங்கே டிரவுட் ஒன்றுக்கு 50, லெவல் 30-ல் சால்மன் வந்ததும் ஒன்றுக்கு 70. இந்தக் கட்டத்தில் மீனைச் சேர்க்காதீர்கள், பிடித்துக் கீழே போட்டுக்கொண்டே போங்கள். சேர்த்து விற்கிற காசைவிடச் செலவாகிற நேரம் அதிகம்.

40 வந்ததும் போர்ட் சாரிம் மீன்கடையில் 20 காசுக்குக் கூண்டு. துறைமுகத்தில் 30 காசு கொடுத்தால் கப்பல் கரம்ஜா தீவில் இறக்கிவிடும். திரும்பி வரவும் 30. கூடவே சுங்க அதிகாரி மூட்டையைத் திறந்து பார்ப்பார், உள்ளூர் ரம் இருந்தால் பிடுங்கிக்கொள்வார். பையில் மொத்தம் 28 இடம். கூண்டுக்கு ஒன்று, திரும்பும் காசுக்கு ஒன்று, மிச்சம் 26. ஒரு சிங்கி இறாலுக்கு 90 புள்ளி. 40-லிருந்து 50 லெவலுக்கு 64,109 புள்ளி வேண்டும், அதாவது 713 இறால், 28 நடை, கப்பலுக்கு மட்டும் 1,680 காசு. தீவில் பேங்க் கிடையாது. போர்ட் சாரிமில் இறங்கினால் பக்கத்துப் பேங்க் டிரெய்னர் கிராமத்தில்தான். வழியில் வழிப்பறிக்காரன் ஒருவன் வந்து இடிப்பான், லெவல் 5 ஆள்தான், பொருட்படுத்த வேண்டாம். காசு மறந்து கப்பல் ஏறியவர்களுக்கும் தீவிலேயே வழி உண்டு. வாழைத் தோட்டக்காரர் லூதாஸிடம் போய் ஒரு பெட்டியில் பத்து வாழைப்பழம் நிரப்பிக் கொடுத்தால் 30 காசு கூலி, சரியாகக் கப்பல் கட்டணம்.

கோட்டை விடுகிற இடம் சுழல். அந்தக் காலத்தில் மீன்பிடிக்கும் இடம் திடீரென்று நீர்ச்சுழலாக மாறும். கவனிக்காமல் பக்கத்துச் சீட்டு அரட்டையில் இருந்தால் கூண்டை இழுத்துக்கொண்டு போய்விடும். தீவில் கூண்டு விற்கிற கடை இல்லை. அரைப் பையோடு திரும்பி வர வேண்டியதுதான். இரண்டாவது கூண்டு எடுத்துப்போகலாமா என்றால், ஒவ்வொரு நடையிலும் ஓர் இறால் குறையும். கண்ணை அங்கேயே வைத்திருப்பதுதான் மலிவு.

தனியாகச் செய்தால் இது வெறும் கூலி வேலை. மூன்று பேர் சேர்ந்தால் ஆட்டம். ஒருவர் தீவைவிட்டு நகராமல் பிடிப்பார். அவருக்குத் திரும்பும் காசு தேவையில்லை என்பதால் கூண்டு போக 27 இடம். இரண்டாமவர் கையில் காசு மட்டும், அவருக்கும் 27 இடம் காலி. இவர் பிடித்ததை அவர் டிரேடில் அப்படியே வாங்கிக்கொண்டு கப்பல் ஏறுவார். மூன்றாமவர் டிரெய்னர் பேங்க் பக்கத்தில் வில்லோ மரம் வெட்டித் தீ மூட்டி வைப்பார். அதற்கு வுட்கட்டிங், ஃபயர்மேக்கிங் இரண்டிலும் 30 வேண்டும். தீ ஓரிரு நிமிடத்தில் அணைந்துவிடும், ஆகவே அவர் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொண்டுவந்தவர் அந்தத் தீயில் சமைப்பார். சமைக்க குக்கிங் 40. ஒன்றுக்கு 120 புள்ளி. 74 லெவல் வரும்வரை கருகிக்கொண்டேதான் இருக்கும், 40-ல் ரொம்பவே கருகும். யாருக்குக் குக்கிங் லெவல் அதிகமோ அவர்தான் சமைக்க வேண்டும் என்பதை மூன்று பேரும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் சண்டை வராது. ஒரே வரிசையில் மூன்று சீட்டு, நடுவில் உட்கார்ந்தவன் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருப்பான்: "டேய், பை ரொம்பிடுச்சி, கப்பல் ஏறு." சாட்டில் டைப் அடிக்கவே தேவையில்லை.

பேங்க் வாசல்

பிடித்ததை விற்பது எங்கே? வேர்ல்டு 1, வேராக் நகரத்து மேற்கு பேங்க். ஒரு வேர்ல்டில் 2,000 பேர்தான் நுழைய முடியும், வேர்ல்டு 1 எப்போதும் நிரம்பி வழியும். அந்த வாசல் தீபாவளிக்கு முந்தின வாரத்து வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு மாதிரி: எல்லாரும் கத்துவார்கள், யாரும் முதலில் சொன்ன விலைக்கு வாங்க மாட்டார்கள், ரெண்டடி நகர்ந்தால் பின்னாலேயே ஒருவன் கூப்பிடுவான்.

கத்துவதற்கும் ஒரு நேர்த்தி உண்டு. ஒரு வரிக்கு 80 எழுத்து. வரியின் முன்னால் சின்னக் கட்டளை வார்த்தை ஒன்றைச் சேர்த்து அடித்தால் தலைக்கு மேல் எழுத்து மின்னும், நிறம் மாறும், அலை மாதிரி ஆடும். எல்லாரும் மின்னும்போது மின்னுவதில் பயனில்லை. அலையாக ஆடும் ஒரே நிற எழுத்துதான் கூட்டத்தில் கண்ணில் படும். பொருளைப் பேங்கிலிருந்து எடுக்கும்போது நோட்டாக (பொருளுக்குப் பதிலான சீட்டாக) எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் ஆயிரம் இறாலும் பையில் ஒரே இடம். இது தெரியாமல் 28 நிஜ இறாலோடு வந்து நிற்கிறவனைப் பார்த்ததும் புதுசு என்று தெரிந்துவிடும், விலையும் அதற்கேற்ப இறங்கும். பச்சை இறாலா, சமைத்ததா என்பதையும் கூவும்போதே சொல்லிவிட வேண்டும். பச்சையை வாங்குகிறவன் குக்கிங் ஏற்றுகிறவன், சமைத்ததை வாங்குகிறவன் சண்டைக்குப் போகிறவன். இரண்டு பேரும் வேறு வேறு விதமாகப் பேரம் பேசுவார்கள். சண்டைக்காரனுக்கு அவசரம் அதிகம்.

டுபாக்கூர் வேலைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாசலைப் பற்றிச் சொல்ல முடியாது. "உன் கவசத்துக்கு இலவசமாகத் தங்க விளிம்பு வைத்துத் தருகிறேன்" என்பவன் திருடன்; விளிம்பு வைத்த கவசம் மெம்பர்களின் புதையல் வேட்டையில்தான் கிடைக்கும், யாரும் வைத்துத் தர முடியாது. "பொருளைக் கீழே போட்டு ஆல்ட் எஃப்4 அழுத்து, ரெண்டாகும்" என்பவனும் அப்படித்தான். அழுத்தினால் ஜன்னல் மூடும், நீங்கள் திரும்பி லாகின் ஆவதற்குள் கீழே கிடப்பது மற்றவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும், அதற்கு ஒரு நிமிடம் போதும். "பாஸ்வேர்டை அடித்தால் விளையாட்டே நட்சத்திரமாக மறைத்துவிடும், அடித்துப் பார்" என்று ஒருவன் நட்சத்திரத்தையே டைப் அடித்துக் காட்டுவான். பணத்தை இரட்டிப்பாக்குகிறவன் முதல் இரண்டு முறை உண்மையிலேயே இரட்டிப்பாக்கித் தருவான். மூன்றாம் முறை நீங்கள் பெரிய தொகை தரும்போது காணாமல் போவான். பெயரில் மாட் என்று வைத்துக்கொண்டு மிரட்டுகிறவனுக்குப் பக்கத்தில் கிரீடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: வெள்ளிக் கிரீடம் ஆட்டக்காரரிலிருந்து வந்த கண்காணிப்பாளர், தங்கக் கிரீடம் கம்பெனி ஆள். கிரீடம் இல்லையென்றால் போடா என்று போகலாம்.

டிரேடில் இரண்டாவது ஜன்னல் ஒன்று வரும், "நீ தருவது இது, உனக்கு வருவது இது" என்று எழுத்தில் காட்டும். முதல் ஜன்னலில் கடைசி நொடியில் பொருளை மாற்றுகிற கைவரிசை இதனால்தான் மாட்டும். இரண்டாவது ஜன்னலைப் படிக்காமல் ஒப்புக்கொண்டு ஏமாந்தவனுக்காக நான் இரக்கப்பட மாட்டேன். இந்தத் திருட்டுகள்கூட ஒருவிதத்தில் ஆட்களைச் சேர்த்து வைத்தன. சின்னப் பையன் விற்கப் போகும்போது பக்கத்தில் ஓர் அண்ணன் நின்று ஜன்னலைப் பார்த்துச் சொல்வது எல்லாச் சென்டரிலும் நடந்தது.

2007 நவம்பர் 26-ம் தேதி கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் திறந்தார்கள். பொருளைப் போடு, விலையைப் போடு, போய் வேறு வேலை பார், விற்றதும் காசு வந்து நிற்கும். வசதி என்று பார்த்தால் குறையே சொல்ல முடியாது. வேராக் வாசல் மட்டும் காலியானது. இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 10-ல், வைல்டர்னஸ் என்ற பகுதியில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கும் வசதியை நீக்கினார்கள். 2008 ஜனவரி 2-ல் டிரேடுக்கே வரம்பு: இரண்டு பக்கத்து மதிப்புக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் நடக்காது. காரணம் நியாயமானதுதான். திருட்டு கிரெடிட் கார்டில் மெம்பர் ஆகி, விளையாட்டுக் காசு சேர்த்து நிஜக் காசுக்கு விற்கும் கும்பல்கள் கம்பெனியையே ஆட்டிவைத்தன. ஆனால் வரம்பு வந்த அன்றிலிருந்து புதுப் பையனுக்கு ரூன் என்ற உயர்தர உலோகத்தில் ஒரு வாளைச் சும்மா கொடுக்க முடியாது. தெருவில் பொருளைக் கொட்டி எல்லாரும் பொறுக்குகிற டிராப் பார்ட்டியும் முடிந்தது. கொடுக்கல் வாங்கல் நின்றால் பழக்கம் எங்கே நிற்கும்? 2011 பிப்ரவரி 1-ல் வைல்டர்னஸ் சண்டை, வரம்பில்லாத டிரேடு இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்தார்கள், 12 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டில் 91 சதவீதம் ஆதரவு. அதற்குள் சென்டர்களே குறைய ஆரம்பித்துவிட்டன, ஆட்கள் ஃபேஸ்புக் பக்கம் போயிருந்தார்கள்.

டிராகன் ஸ்லேயர்

ஃப்ரீ ஆட்டத்தின் உச்சம் இந்தக் குவெஸ்ட்: க்ராண்டோர் தீவுக்குப் போய் எல்வார்க் என்ற டிராகனைக் கொல்ல வேண்டும். ரூன் மார்புக்கவசம் போட வேண்டுமென்றால் இதை முடித்தாக வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு பேங்க் வாசலில் நிற்பதே தனிக் கெத்து. முதல் தகுதி 32 குவெஸ்ட் பாயின்ட். அது இருந்தால்தான் வேராக்குக்குத் தெற்கே சாம்பியன்ஸ் கில்டு கதவு திறக்கும். அங்கே தலைவரைப் பார்த்து, எட்ஜ்வில்லில் ஓஸியாக்கைப் பார்த்து, திரும்பத் தலைவரிடம் வந்தால் மேஸ் (புதிர்வழிக் கட்டடம்) சாவி தருவார்.

க்ராண்டோர் தீவுக்கு வழி காட்டும் வரைபடம் மூன்று துண்டு. ஒன்று மெல்ஸரின் மேஸில். மாடி மாடியாக ஏறி, எலியிலிருந்து ஜோம்பி வரை கொன்று நிறம் நிறமாகச் சாவி எடுத்து, கடைசியில் அடித்தளத்தில் 82 லெவல் லெஸ்ஸர் டீமன். இரண்டாவது துண்டு குள்ளர் சுரங்கத்தில் ஒரு மாயக் கதவுக்குப் பின்னால். நாலு பொருள் கொண்டுபோனால்தான் கதவு திறக்கும்: பட்டுத் துணி, சிங்கி இறால் கூண்டு, சுடாத மண் கிண்ணம், விஸார்ட்ஸ் மைண்ட் பாம் என்கிற பானம். பட்டு அல் காரிட்டில். வாசலில் 10 காசு வரி, துணிக்காரர் 3 காசு சொல்வார், வேண்டாம் என்றால் 2-க்கு இறங்குவார். பானம் ஃபாலடோர் சாராயக்கடையில். கிண்ணத்தில்தான் பலர் சறுக்குவார்கள்: கிராஃப்டிங் 8 லெவலில் சக்கரத்தில் வனைந்ததும் கை தன்னால் பக்கத்துச் சூளைக்குப் போகும். சுட்டால் அது வெறும் கிண்ணம், கதவு திறக்காது. மூன்றாவது துண்டு போர்ட் சாரிம் சிறையில் வோர்ம்பிரெயின் என்ற காப்லினிடம். 10,000 காசு கொடுக்கலாம். இல்லையென்றால் கம்பிக்கு வெளியே நின்று அம்பாலோ மந்திரத்தாலோ கொன்று, டெலி-கிராப் (தூரத்துப் பொருளைப் பிடிக்கும்) மந்திரத்தால் துண்டை இழுக்கலாம். அதற்கு மேஜிக் 33.

பிறகு கப்பல். கிளாரென்ஸிடம் 2,000 காசு. ஓட்டையை அடைக்க 3 பலகை, 90 ஸ்டீல் ஆணி, ஒரு சுத்தியல். ஆணிக்கு ஸ்மிதிங் 34, ஒரு கட்டியில் 15 ஆணி, ஆகவே 6 ஸ்டீல் கட்டி. ஒவ்வொரு ஸ்டீல் கட்டிக்கும் ஒரு இரும்புத் தாது, இரண்டு நிலக்கரி. பலகைதான் தலைவலி. ஃப்ரீ ஆட்டக்காரன் வைல்டர்னஸ் இடுகாட்டுக்குப் போய்ப் பொறுக்க வேண்டும், அல்லது போய் வந்தவனிடம் வாங்க வேண்டும். போகிறவர் கையில் வேறு எதுவும் வைத்துக்கொள்ளாமல் போவது உத்தமம்; செத்தாலும் மூன்று பொருள் தங்கும், பலகையும் மூன்றுதான். மாலுமியாக டிரெய்னரிலிருந்து நெட் என்பவரைக் கூட்டிவர வேண்டும்.

லம்பிரிட்ஜ் கோட்டையில் டியூக்கிடம் டிராகன் தடுப்புக் கேடயம் கேட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள். அது இல்லாமல் நின்றால் எல்வார்க் ஒரே மூச்சில் கதையை முடித்துவிடும். கேடயம் ஒரு கையில் இருப்பதால் இரண்டு கை வாள் உதவாது, அதை நம்பி வந்தவர்கள் ஒற்றைக் கை வாளுக்கு மாற வேண்டும். தீவில் இறங்கி எலும்புக்கூடுகள், லெஸ்ஸர் டீமன்கள் நடுவே ஓடிக் குகைக்குள் போனதும், எல்வார்க்கைத் தொடுவதற்கு முன்னால் சுவரில் ஒரு ரகசிய வழி இருக்கும், அது கரம்ஜா எரிமலைக்குத் திறக்கும். அதை முதலில் திறந்து விடுங்கள். திறக்காமல் செத்தால் கப்பலை மறுபடி பழுது பார்க்க வேண்டும், மறுபடி மூன்று பலகை, மறுபடி தொண்ணூறு ஆணி. எல்வார்க் 83 லெவல். பை நிறையச் சமைத்த சிங்கி இறால் வேண்டும். அந்த இறால் யார் பிடித்தது, யார் சமைத்தது என்பது மேலே சொன்னதுதான். முடித்தால் ஸ்ட்ரெங்த், டிஃபென்ஸ் இரண்டிலும் 18,650 புள்ளி. ஒருவன் முடிக்கும்போது பின்னால் அஞ்சாறு பேர் நின்று பார்ப்பார்கள், அந்த நிமிடங்களுக்கு மட்டும் ஓனர் டைம் பார்க்க மாட்டார்.

இப்போது ஆடுவதென்றால்

2012 நவம்பர் 20-ல் சண்டை முறையையே தலைகீழாக மாற்றினார்கள், பழைய ஆட்கள் கொதித்தார்கள். ஜாகெக்ஸிடம் 2007 ஆகஸ்ட் மாதத்துப் பிரதி ஒன்று பத்திரமாக இருந்தது. ஓட்டெடுப்பில் 4,49,351 பேர் கேட்டார்கள். 2013 பிப்ரவரி 22-ல் அது ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பாகத் திறந்தது. ஃப்ரீ ஆட்டம் 2015 பிப்ரவரியில், மொபைல் 2018 அக்டோபர் 30-ல். ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே அக்கவுண்ட், ஒரே உலகம்.

பழைய அக்கவுண்ட் உயிரோடு இருந்தால் அதில் நுழையலாம். ஆனால் ஓல்ட் ஸ்கூலில் ஆள் முதல் லெவலிலிருந்துதான் தொடங்குவான். பழைய லெவலும் பேங்கும் புது வடிவமான ரூன்ஸ்கேப் 3-ல் தனியாக இருக்கும். அங்கே போய் ஒருமுறை பேங்கைத் திறந்து பார்த்துவிட்டு வரலாம், அங்கேயே தங்கப் பரிந்துரைக்க மாட்டேன். கம்ப்யூட்டரில் ரூன்லைட் கிளையன்ட் போடுங்கள். அதில் வேர்ல்டு மாற்றும் பட்டியலில் பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) தெரியும். சென்னையிலிருந்து இங்கிலாந்து, ஜெர்மனி வேர்ல்டுகள் அமெரிக்காவைவிடக் கிட்டம். 0.6 நொடி டிக் இன்றும் அதேதான், ஆகவே ஜியோ சிம்மில் மின்சார ரயிலில் உட்கார்ந்து மீன் பிடிப்பதில் ஒரு சிக்கலும் இல்லை.

புது ஃப்ரீ அக்கவுண்டுக்குச் சில கட்டுப்பாடு உண்டு. 20 மணி நேர ஆட்டம், 10 குவெஸ்ட் பாயின்ட், மொத்த லெவல் 100 எட்டும்வரை டிரேடு சரியாக நடக்காது. மூன்று பேர் சேர்ந்து தொடங்குவதானால் முதல் 20 மணி நேரத்தைத் தனித்தனியாகக் குவெஸ்டிலும் ஆற்றங்கரையிலும் கழித்துவிடுங்கள். கரம்ஜா கூட்டணி அதற்குப் பிறகுதான்.

பழைய ருசி வேண்டுமென்றால் கிராண்ட் எக்ஸ்சேஞ்சைத் தொடாதீர்கள் என்பது என் கட்சி. அதைத் தொட்டால் பட்டு, பலகை, ஆணி எல்லாம் ரெண்டு நிமிடத்தில் வாங்கிவிடலாம், குவெஸ்ட் ஒரு மாலையில் முடியும், யாரிடமும் பேச வேண்டியிருக்காது. கரம்ஜாவில் வாழைத் தோட்டத்துக்குத் தெற்கே இப்போது ஸ்டைல்ஸ் என்று ஒருவர் நிற்கிறார், பிடித்த மீனை அங்கேயே நோட்டாக மாற்றித் தருவார்; அவரைப் பயன்படுத்தினால் தூக்கிச் செல்பவருக்கு வேலையே இல்லை. அவரையும் விலக்கி வையுங்கள். வேர்ல்டு 301-ல்தான் ஃப்ரீ வியாபாரிகள் கூடுகிறார்கள், அதுவும் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் வாசலில். கூட்டம் குறைந்த வேறு ஃப்ரீ வேர்ல்டாகப் பார்த்து, வேராக் மேற்கு பேங்கில் சந்திப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று பேரில் ஒருவர் மைனிங், ஸ்மிதிங் எடுத்துக்கொள்ளட்டும். ஆணிக்கு அவர்தான் பொறுப்பு, 90 போதாது. யாராவது ரகசிய வழியைத் திறக்க மறப்பார்கள், 180 அடித்து வைக்கச் சொல்லுங்கள்.